உயில் எழுதியாயிற்று, சொத்து எந்த வழியாகப் போகும்?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள். அப்பா நிதானமானவர். எழுபது வயதில் வழக்கறிஞரிடம் போய், "என் சொத்து முழுவதும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு" என்று தெளிவாக உயில் எழுதி, சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, பத்திரமாக வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு உயிலைப் பிரிக்கிறார்கள். எழுத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் சேமிப்புக் கணக்கில், பணம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று, மூத்த மகனின் பெயரையும் எப்போதோ சேர்த்திருந்தார். ஆயுள் காப்பீட்டில் திருமணத்துக்கு முன்பு கொடுத்த தங்கையின் பெயர் அப்படியே இருந்தது. வீடு அவரும் அவர் தம்பியும் சேர்ந்து வாங்கியது. ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்கு என்ற வகையில் பதிவாகியிருந்தது. உயில் பங்கு பிரிக்க மிஞ்சியது ஒரு பழைய காரும் வீட்டுச் சாமான்களும்தான். பிள்ளைகள் மூவரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. அவர் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: என் ஒவ்வொரு சொத்தும் எந்த வழியாகக் கைமாறும்?

சொத்துத் திட்டமிடல் என்றதும் "யாருக்கு எவ்வளவு" என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. உயில், டிரஸ்ட், புரோபேட் என்று மிரட்டும் சொற்கள் எல்லாம் முதல் கேள்விக்குப் பதில் தேடும்போது தானாகவே விளங்கிவிடும். அந்த வரிசையிலேயே பார்ப்போம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மதத்துக்கு மதமும் மாறும். அதனால் எடுத்துக்காட்டுக்கு ஒரு நாட்டைச் சொல்லும்போது அது அந்த நாட்டுக்கு மட்டுமே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிலைத் தொடாமலே போகும் சொத்துகள்

முதலில் கூட்டு உரிமை. இரண்டு பேர் பெயரில் ஒரு வீடு இருந்தால் ஆளுக்குப் பாதி என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அதற்கு இரண்டு வகை உண்டு. ஒன்றில் இருவருக்கும் தனித்தனிப் பங்கு இருக்கும். ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு அவருடைய உயில்படி போகும். மற்றொன்றில் தனிப் பங்கு என்பதே கிடையாது. இறந்தவரின் உரிமை அந்தக் கணமே மற்றவரிடம் கரைந்துவிடும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அது அந்த வீட்டைத் தொடாது. கணவன் மனைவிக்கு இந்த இரண்டாம் வகை பல சமயம் வசதியானது. அண்ணன் தம்பிக்கும், மறுமணம் செய்துகொண்டவர்களுக்கும், இது என்ன வகை என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால் ஒரு தலைமுறையே வெளியே நிற்க வேண்டி வரும். உங்கள் பத்திரத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை இறப்பதற்கு முன்னால் மட்டும்தான் மாற்ற முடியும்.

வங்கிக் கூட்டுக் கணக்கு இன்னும் சிக்கலானது. உயிரோடு இருப்பவரிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். அதோடு அதன் பொறுப்பு முடிந்தது. அந்தப் பணம் யாருடையது என்பது தனிக் கேள்வி. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு தந்தை, மகள் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. வயதான பெற்றோர் வளர்ந்த பிள்ளையின் பெயரைத் தம் கணக்கில் சேர்த்தால், பிள்ளை அதைப் பொறுப்பாளராக மட்டுமே வைத்திருப்பதாக முதலில் கருத வேண்டும். அன்பளிப்பாகக் கொடுத்தார் என்றால் பிள்ளைதான் நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் மகள் நிரூபித்து வென்றார். ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அன்பளிப்பா, உதவிக்கா என்று தந்தை ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும், இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது நாமினி, அதாவது நாம் இறந்தால் பணத்தை இவரிடம் கொடுங்கள் என்று படிவத்தில் எழுதும் பெயர். இந்த ஒரு சொல்லைப் போலக் குடும்பங்களைக் குழப்பும் சொல் வேறில்லை. இந்தியாவில் 1984-இல் உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, பணம் வாரிசுகளுக்குரியது என்று சொன்னது. கம்பெனிப் பங்குகளின் நாமினிக்கும் இதே நிலைதான் என்று 2023-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இடையில் 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்று ஒரு வகை தனியாக வந்தது. ஆக, ஒரே நாட்டுக்குள்ளேயே நாமினி என்ற சொல்லுக்கு எந்தச் சொத்து என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அங்கே ஓய்வூதியக் கணக்கிலும் காப்பீட்டிலும் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம். உயில் குறுக்கே வர முடியாது. டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் 1994-இல் விவாகரத்துப் பெற்றார். ஓய்வூதியத்தில் தனக்கு உரிமை இல்லை என்று மனைவி விவாகரத்து ஆணையிலேயே விட்டுக்கொடுத்திருந்தார். ஆனால் சேமிப்புத் திட்டம் ஒன்றின் படிவத்தில் இருந்த மனைவியின் பெயரைக் கணவர் மாற்றவில்லை. அவர் 2001-இல் இறந்தபோது சுமார் 4,02,000 டாலர் முன்னாள் மனைவிக்குப் போனது. மகள் வழக்குப் போட்டார். திட்டத்தை நடத்தியவர்கள் படிவத்தில் இருந்த பெயரைப் பார்த்துக் கொடுத்தது சரிதான் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஒரு படிவம். ஒரு பெயர். ஐந்து நிமிட வேலை.

இதனால்தான் உயில் எழுத உட்காருவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்துச் சொத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "யார் பெயரில், எந்த வகையில், நாமினி யார்" என்று குறிக்கச் சொல்கிறேன். தாளைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு வியப்பு காத்திருக்கும்.

எதுவுமே எழுதாவிட்டால்

எழுதாவிட்டால் சட்டம் உங்களுக்காக ஒரு உயில் எழுதி வைத்திருக்கிறது என்று சொல்லலாம். அதில் யார் யார் எந்த வரிசையில் என்று நிர்ணயமாகியிருக்கும். அதற்கு உங்கள் குடும்பத்தின் முகம் தெரியாது. யார் உங்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், யாருக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டீர்கள், எந்தப் பிள்ளைக்கு உடல்நலமில்லை என்பது எதுவும் தெரியாது. இங்கிலாந்தில் திருமணம் செய்யாமல் முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவருக்கும் அந்த வரிசையில் இடமில்லை; அவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் கேட்க வேண்டும். வளர்ப்பாகக் கூடவே இருந்த, ஆனால் சட்டப்படி தத்து எடுக்காத பிள்ளைக்கும் பெரும்பாலான இடங்களில் இதே கதிதான்.

படிக்காதவர்களும் பணமில்லாதவர்களும்தான் இப்படி விட்டுப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஆபிரகாம் லிங்கன் கால் நூற்றாண்டு வழக்கறிஞராக இருந்தவர். 1865-இல் அவர் கொல்லப்பட்டபோது உயில் கிடையாது.

உயிலின் உடம்பு

உயில் என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழில் தங்கிவிட்ட சொல். பழைய பத்திரங்களில் மரண சாசனம் என்றும் பார்க்கலாம். அந்தப் பெயர் ஒன்றைச் சரியாகச் சொல்கிறது: எழுதியவர் சாகும்வரை அந்தத் தாளுக்கு உயிரில்லை. அதுவரை அவர் அதைக் கிழிக்கலாம், மாற்றலாம், வீட்டை விற்றுச் செலவழிக்கலாம். "உயிலில் எனக்கு எழுதியிருக்கிறார்" என்று எந்தப் பிள்ளையும் இன்றைக்கே உரிமை கொண்டாட முடியாது.

1948-இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் ஒரு விவசாயி தன் டிராக்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டார். ஆள் வந்து மீட்கப் பல மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் பேனாக் கத்தியால் டிராக்டரின் சக்கர மூடியில் ஒரு வரியைக் கீறினார்: இந்த நிலையில் நான் இறந்துபோனால் எல்லாம் மனைவிக்கு. கீழே தன் பெயர். மருத்துவமனையில் அவர் இறந்த பிறகு அந்தத் தகரத்தை நீதிமன்றம் உயிலாக ஏற்றுக்கொண்டது. அது இப்போது சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் இருக்கிறது.

இதைக் கேட்டு, மனத்தில் இருப்பதை எப்படி எழுதினாலும் செல்லும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முழுக்கத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட உயிலுக்குச் சாட்சி தேவையில்லை என்ற விதி அந்த மாநிலத்தில் இருந்தது. அதே வரியை இங்கிலாந்தில் சாதாரணக் குடிமகன் ஒருவர் கீறியிருந்தால் செல்லாது. அங்கே 1837-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயில் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு: சாட்சிக்கோ சாட்சியின் மனைவிக்கோ கணவனுக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் உயில் நிற்கும், அவருக்கு எழுதியது மட்டும் விழுந்துவிடும். பக்கத்தில் இருக்கும் மருமகனைச் சாட்சியாகக் கூப்பிட்டு மகளின் பங்கையே அழித்தவர்கள் உண்டு. எந்த நாடானாலும் உயிலால் பயன்பெறாத இரண்டு பேரைச் சாட்சியாக வைப்பது பாதுகாப்பு.

எழுதியவருக்குத் தெளிவு இருந்ததா என்பதுதான் நீதிமன்றங்களில் அதிகம் அடிபடும் கேள்வி. இதற்கு 1870-இல் ஓர் ஆங்கிலேய வழக்கில் வகுத்த அளவுகோலைப் பல நாடுகள் இன்றும் பயன்படுத்துகின்றன. தான் உயில் எழுதுகிறோம் என்பது தெரிய வேண்டும். தன்னிடம் ஏறக்குறைய என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். யார் யார் தன்னிடம் நியாயமாக எதிர்பார்ப்பார்கள் என்பதும் தெரிய வேண்டும். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கூட இந்த மூன்றும் தெளிவாக இருக்கும் நாளில் எழுதலாம். அந்த நாளில் ஒரு மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த குறிப்பு, பின்னால் ஆயிரம் வாதங்களை அடக்கும்.

இனி உள்ளே என்ன எழுதுவது என்பது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சட்டப்படி சரியான உயில்கள் பலவும் இந்த இடத்தில்தான் காலப்போக்கில் சாய்கின்றன.

ஒரு தாய் இப்படி எழுதுகிறார்: "வீடு மகனுக்கு. வங்கி வைப்புத் தொகை மகளுக்கு." எழுதிய அன்று இரண்டும் சம மதிப்பு. பத்து ஆண்டு போகிறது. வைத்தியச் செலவுக்கு வைப்புத் தொகை கரைந்துவிடுகிறது, வீட்டின் விலை இரண்டு மடங்காகிறது. தாய் எண்ணியது சமம். மகள் பெற்றது எதுவுமில்லை. உயிலில் சொன்ன பொருள் இறக்கும்போது இல்லாவிட்டால் அந்தப் பரிசு அப்படியே மறைந்துவிடும் என்பது பொது விதி. அதனால் நினைவுக்காகக் கொடுக்கும் நகை, புத்தகம் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். மதிப்புள்ளவற்றை விகிதமாகக் கொடுங்கள். "எல்லாவற்றையும் சேர்த்து இருவருக்கும் பாதிப் பாதி" என்ற வரி எந்த ஏற்ற இறக்கத்தையும் தாங்கும்.

அடுத்து, "மீதி" என்ற வரி. நீங்கள் பெயர் சொல்லாத எல்லாம், எழுதிய பிறகு வாங்கியது, மறந்துபோனது, யாரோ உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, இவையெல்லாம் யாருக்கு என்று ஒரு வாக்கியம் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் நீங்கள் உயிலே எழுதாதவர் ஆகிவிடுவீர்கள். இன்னொன்று, பெறுபவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு? அவருடைய பிள்ளைகளுக்கா, மற்ற உடன்பிறந்தவர்களுக்கா? யோசிக்கவே மனம் வராத கேள்விதான். ஆனால் பேரப்பிள்ளைகள் அம்மாவையோ அப்பாவையோ இழந்ததோடு பங்கையும் இழக்காமல் இருப்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் பணமில்லை என்றாலும் உயில் எழுத வேண்டும். இருவரும் ஒருசேரப் போய்விட்டால் பிள்ளைகளை யார் வளர்ப்பார் என்று சொல்வதற்கு வழக்கமான இடம் அதுதான். வளர்க்கப் போகிறவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அன்பாக வளர்ப்பவரே பணத்தையும் சாமர்த்தியமாகப் பார்த்துக்கொள்வார் என்பதில்லை. இரண்டு வேலைக்கும் இரண்டு பேரை நியமிக்கலாம்.

நினைத்தவருக்கு நினைத்த அளவு எழுதும் உரிமையும் எல்லா இடத்திலும் இல்லை. பிரான்சில் ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். மீதியைத்தான் விருப்பம்போல் எழுதலாம். இஸ்லாமியச் சட்டத்தில் உயிலால் கொடுக்கக்கூடியது பொதுவாக மூன்றில் ஒரு பங்குவரைதான்; மற்றது வாரிசுகளுக்கு வகுத்த விகிதத்தில் போகும்.

புரோபேட்டும், தூக்கிச் சுமப்பவரும்

உயிலைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், "இதுதான் கடைசி உயில் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நீதிமன்றம் தரும் பதில்தான் புரோபேட். நிரூபித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1858 வரை இந்த வேலையைத் திருச்சபை நீதிமன்றங்கள் பார்த்தன, பிறகுதான் அரசு நீதிமன்றத்துக்கு வந்தது. இந்த உயில் உண்மையானது, இதை நிறைவேற்ற இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருகிறது. அதைக் காட்டினால் வங்கியும் பதிவு அலுவலகமும் கதவைத் திறக்கும். உயில் இல்லாதபோது இதே போன்ற அதிகாரத்தை நெருங்கிய உறவினர் ஒருவர் கேட்டு வாங்க வேண்டும். சிறு தொகைகளுக்குப் பல நாடுகளில் எளிய வழி இருக்கிறது. முழுவதும் மற்றவருக்கே போகும் வகைக் கூட்டு உரிமையிலும் டிரஸ்ட்டிலும் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் புரோபேட்டே வேண்டாம்.

அந்த இன்னார்தான் எக்ஸிகியூட்டர், நிறைவேற்றாளர். இந்தப் பதவியை மூத்த பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மாதக் கணக்கில் இழுக்கும் வேலை. சொத்தைத் தேடிப் பட்டியலிட வேண்டும், காலி வீட்டைப் பாதுகாக்க வேண்டும், ஈமச் செலவையும் கடனையும் வரியையும் முதலில் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் பங்கீடு. கடனைக் கட்டாமல் உடன்பிறந்தவர்களின் அவசரத்துக்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டால், கடன்காரர் நிறைவேற்றாளரின் சொந்தப் பையில் கை வைக்கலாம். மற்றபடி பெற்றோர் பட்ட கடனுக்குப் பொதுவாக அவர்கள் விட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. பிள்ளை ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை வேறு.

நிறைவேற்றாளர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆல்பிரட் நோபல் உயிலைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1895 நவம்பர் 27 அன்று பாரிசில், வழக்கறிஞர் உதவி இல்லாமல் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். சொத்தின் பெரும்பகுதியை ஒரு நிதியாக்கி ஆண்டுதோறும் பரிசு தர வேண்டும் என்றார். அந்த நிதியைப் பெற்றுக்கொள்ள எந்த அமைப்பும் அப்போது இல்லை. பரிசை யார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதினாரோ அந்த நிறுவனங்களிடமும் அவர் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார். உறவினர்கள் சிலர் உயிலை எதிர்த்தார்கள். அவர் பிரான்சில் குடியிருந்தவரா, ஸ்வீடனிலா என்ற கேள்வியில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதே தொங்கியது. நிறைவேற்றாளர்களில் ஒருவரான ராக்னார் சோல்மன் அப்போது 26 வயது இளைஞர். இந்தப் பொறுப்பு தன் தலையில் விழும் என்று எதிர்பார்க்காதவர். பாரிசில் இருந்த பங்குப் பத்திரங்களைத் துப்பாக்கியும் கையுமாகக் குதிரை வண்டியில் ஏற்றி, நாட்டை விட்டு வெளியே அனுப்பி வைத்தார். குடும்பத்தோடு பேசி ஒப்பந்தத்துக்கு வந்தார். முதல் பரிசுகள் வழங்கப்பட்டது 1901-இல்தான். உயிலில் ஓட்டைகள் இருந்தும் அது நிறைவேறியதற்கு அந்த இளைஞரின் பொறுமையே காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே நியமிக்கும்போது வயதையோ உறவு வரிசையையோ பார்க்காதீர்கள். யார் கணக்கை ஒழுங்காக எழுதுவார், யார் எல்லோரிடமும் பேசுவார், யார் எரிச்சலூட்டும் கடிதத்துக்கும் பதில் போடுவார் என்று பாருங்கள். அவரிடம் சம்மதம் கேளுங்கள். அவருக்கு முடியாமல்போனால் மாற்றாள் ஒருவரையும் எழுதுங்கள்.

டிரஸ்ட்: ஒரு சாவி, இன்னொருவரின் வீடு

தமிழில் டிரஸ்ட் என்றதும் அறக்கட்டளை, தர்ம காரியம் என்று நினைவு ஓடுகிறது. குடும்ப டிரஸ்ட்டுக்கு அறப்பணியோடு தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அதன் உள்ளே ஒரே ஓர் எண்ணம்தான் உண்டு: சொத்தைப் பேணுகிறவர் ஒருவர், அதன் பலனை அனுபவிக்கிறவர் வேறொருவர். கொடுப்பவர் சொத்தை டிரஸ்டியிடம் ஒப்படைக்கிறார். டிரஸ்டி பத்திரத்தில் எழுதிய விதிப்படி பயனாளிக்காக அதை நிர்வகிக்கிறார். பெயர் டிரஸ்டியுடையது, பலன் அவருடையதல்ல. இடைக்கால இங்கிலாந்தில் சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று விரதம் பூண்ட பிரான்சிஸ்கன் துறவிகளுக்காக மற்றவர்கள் பெயரில் வீடும் நிலமும் வைக்கப்பட்டபோது இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றியது. நம்பி ஒப்படைத்ததை ஏப்பம் விடுபவர்களைப் பிற்பாடு சான்சரி நீதிமன்றம் மனச்சாட்சியின் பெயரால் கட்டுப்படுத்தியது.

இது எந்தக் குடும்பத்துக்குத் தேவை? பெற்றோருக்குப் பிறகு தானாக வாழ முடியாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அவசியம் தேவை என்பேன். அந்தப் பிள்ளையின் பெயரில் நேரடியாகப் பணம் எழுதினால் அதை நிர்வகிக்க அவரால் முடியாது. சில நாடுகளில் கையில் பணம் வந்ததும் அரசு உதவித்தொகையும் நின்றுவிடும். டிரஸ்ட்டில் வைத்தால் மாதாமாதம் செலவுக்கு வரும், உதவித்தொகையையும் காப்பாற்றும்படி எழுத முடியும். சிறு வயதுப் பிள்ளைகள், கடனில் மூழ்கியவர்கள், முதல் மணத்துப் பிள்ளைகளும் இரண்டாம் துணையும் உள்ள குடும்பம், இவர்களுக்கும் பொருந்தும். இரண்டாம் துணை உயிரோடிருக்கும்வரை வீட்டில் வசிக்கலாம், பிறகு வீடு முதல் மணத்துப் பிள்ளைகளுக்கு என்று இரு தரப்பையும் காக்கும் வழி இதில் இருக்கிறது.

உயிலுக்குள்ளேயே எழுதி, இறந்த பிறகு தொடங்கும் டிரஸ்ட் ஒரு வகை. வாழும்போதே தொடங்குவது இன்னொரு வகை. வாழும்போது தொடங்குவதிலும், வேண்டும்போது கலைக்கக்கூடியது, கலைக்க முடியாதது என்று இரண்டு. கலைக்கக்கூடியதில் சொத்து கிட்டத்தட்ட உங்களுடையதே. அதனால் வரியிலிருந்தோ கடன்காரரிடமிருந்தோ அது பெரிதாகக் காப்பாற்றாது. அமெரிக்காவில் இந்த வகை பரவியதற்குக் காரணம் புரோபேட்டைத் தவிர்ப்பதுதான். கலிபோர்னியாவில் சட்டமே கட்டணத்தை வகுத்திருக்கிறது: முதல் 1,00,000 டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1,00,000-க்கு 3, அதற்கடுத்த 8,00,000-க்கு 2. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர் வழக்கறிஞருக்கு. நிறைவேற்றாளரும் அதே தொகையைக் கேட்கலாம். வீட்டின் மேலுள்ள கடனைக் கழிக்காமலே இந்தக் கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் டிரஸ்ட் புத்திசாலித்தனம். புரோபேட் மலிவாகவும் சுருக்கமாகவும் முடியும் இடத்தில், அதே டிரஸ்ட் தேவையில்லாத செலவு. விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார்கள்.

டிரஸ்ட் பத்திரம் எழுதிவிட்டு, வீட்டையும் கணக்கையும் அதன் பெயருக்கு மாற்றாமல் விடுவதும் நடக்கிறது. பெட்டி செய்து பூட்டுப் போட்டாயிற்று. உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. அந்தச் சொத்துகள் மறுபடி புரோபேட் வரிசையில் போய் நிற்கும்.

எல்லையைத் தாண்டிய குடும்பங்கள், வரி, பவர்

வரியைப் பற்றிச் சுருக்கமாக. இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு விதிக்கும் எஸ்டேட் டியூட்டி என்ற வரியை இந்தியா 1985-இலும், மலேசியா 1991-இலும், சிங்கப்பூர் 2008-இலும் நீக்கிவிட்டன. பிரிட்டனில் பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம். கணவன் மனைவிக்கிடையே பெரும்பாலும் விலக்கு. கனடாவில் வாரிசு வரி கிடையாது, ஆனால் இறந்த கணத்தில் எல்லாவற்றையும் சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி ஆதாயத்துக்கு வரி போடுவார்கள். வரிக்குப் பயந்து வாழும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு அந்த வீட்டிலேயே தயவில் வாழும் பெற்றோர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிச்சமாகும் வரியைவிட அந்தக் கூரையின் மேல் உள்ள உரிமை பெரியது.

பிள்ளைகள் ஒரு நாட்டிலும் நிலம் இன்னொரு நாட்டிலும் இருந்தால், நிலத்துக்குப் பெரும்பாலும் அது இருக்கும் நாட்டின் சட்டம்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பலவற்றில் 2015 ஆகஸ்ட் 17 முதல் ஒருவர் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டம் பொருந்தும். தன் குடியுரிமை நாட்டின் சட்டத்தை அவர் உயிலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் முடியும். நாட்டுக்கு ஓர் உயில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இதற்கு முன் எழுதிய உயில்கள் எல்லாம் ரத்து" என்ற வழக்கமான வரி இரண்டாவது உயிலில் வந்தால், முதல் நாட்டு உயிலும் சேர்ந்து போய்விடும்.

உயில் இறந்த பிறகு பேசும். படுத்த படுக்கையாக, நினைவில்லாமல் இருக்கும்போது அது ஊமை. அந்தக் காலத்துக்குத்தான், உங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் எழுதிக்கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னி. அதிலும் மனத்தெளிவு போன பிறகும் நீடிக்கும் வகை பல நாடுகளில் தனியாக இருக்கிறது. சாதாரண பவர் அந்தக் கட்டத்தில் செத்துவிடும், அதாவது எப்போது மிகவும் தேவையோ அப்போது. எந்த வகைப் பவரும் மரணத்தோடு முடிந்துவிடும். அப்பா இறந்த மறுநாள் பழைய பவரைக் காட்டிப் பணம் எடுப்பது, எடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சட்டத்துக்கு எதிரானது.

எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பாடகி அரீதா ஃபிராங்க்ளின் 2018-இல் இறந்தபோது உயில் இல்லை என்றே நினைத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் வீட்டில் கையால் எழுதிய தாள்கள் கிடைத்தன. 2010 தேதியிட்ட உயில் பூட்டிய அலமாரியில் இருந்தது. 2014 தேதியிட்டது சோபா மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. எது செல்லும் என்று மகன்களே எதிரெதிரே நின்றார்கள். 2023-இல் மிச்சிகன் மாநில ஜூரி, சோபாவில் கிடைத்ததுதான் செல்லும் என்றது. முடிவெடுக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குடும்பம் இழந்தது ஐந்து ஆண்டுகள்.

திருமணம், விவாகரத்து, குழந்தை பிறப்பு, பெரிய சொத்து வாங்கல் விற்றல், நிறைவேற்றாளரின் மரணம், நாடு மாறுதல், இவை ஒவ்வொன்றும் உயிலை எடுத்துப் பார்க்க வேண்டிய நாள். இங்கிலாந்தில் திருமணம் செய்துகொண்டாலே பழைய உயில் ரத்தாகிவிடும். இந்த விதியை நீக்கலாம் என்று 2025-இல் அங்குள்ள சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. பழைய உயிலில் அடித்துத் திருத்தி ஓரத்தில் எழுதாதீர்கள். புதிதாக எழுதிச் சாட்சிகளோடு கையெழுத்திடுங்கள். கடவுச்சொற்களை உயிலுக்குள் எழுத வேண்டாம், பல நாடுகளில் புரோபேட் ஆன உயிலை யாரும் காசு கட்டிப் பார்க்கலாம். அதற்குத் தனித் தாள் வையுங்கள். கூகுள் 2013 முதலும் ஆப்பிள் 2021 முதலும், இறந்த பிறகு கணக்கைத் திறக்கக்கூடியவரை முன்பே குறித்து வைக்க வழி கொடுத்திருக்கின்றன.

அசல் உயில் ஒன்றே ஒன்றுதான். நகல் எத்தனை இருந்தாலும், அசல் கடைசியாக எழுதியவரின் கையில் இருந்து பிறகு கிடைக்காமல்போனால், அவரே மனம் மாறி அதை அழித்துவிட்டார் என்று ஆங்கிலேய மரபுச் சட்டம் முதலில் கருதும். இல்லை, தொலைந்துதான் போனது என்று பிள்ளைகள் நிரூபிக்க வேண்டி வரும். உயிலில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எந்த அலமாரி, எந்தத் தட்டு, சாவி யாரிடம் என்பது மட்டும் நிறைவேற்றாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.